தசமப் புள்ளிக்குப் பிறகு

பதினோரு கணினிகளில் ஒன்பதுதான் கண் விழிக்கும்.
மூன்றாமாண்டு விலங்கியல், இருபத்திரண்டு பேர்.
மென்பொருள் என்ன விலை மேடம் என்றான் தஸ்தகீர்.
காசு கிடையாது என்றேன்.
"விலையில்லாவா?"
வராத மடிக்கணினியின் கோபம் முழுக்க
அந்த ஒரு சொல்லில் இருந்தது.
விலையில்லாதது மட்டுமில்லை, திறந்தது.
உள்ளே என்ன ஓடுகிறதென்று நீயே பார்க்கலாம்.
பார்த்தவன் போல் தலையாட்டினான்.

தேவாங்கு, எங்கள் உயிரினம்.
நாலு வாரம் ஏற்காட்டு இருட்டில்
சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச்சோடு நடந்தோம்.
ஒரே ஆள் இரண்டு பீடி பிடிப்பதுபோல்
கிளையில் இரண்டு கனல்.
அசையும், நின்று யோசிக்கும், அணையும்.
அப்படி அறுபத்தொன்று.
அட்சம், தீர்க்கம்,
ஒவ்வொன்றுக்கும் ஆறு தசம இடம்.

முதல் நாள்
மலையில் ஒரு தேவாங்கும் இல்லை.
வரைபடத்தை இழுத்தோம், இழுத்துக்கொண்டே போனோம்.
வடதுருவத்துப் பக்கம்
ஏதோ பனித்தீவின் ஓரக் கடலில்
அறுபத்தொன்றும் மிதந்துகொண்டிருந்தன.
பெலிக்ஸ் அட்சத்தைத் தீர்க்கத்தில் ஏற்றியிருந்தான்.
பதினொன்று, எழுபத்தெட்டு.
எழுபத்தெட்டு, பதினொன்று.
வகுப்பே தேவாங்காய் முழித்து
அப்புறம்தான் சிரித்தது.
இரண்டு சொடுக்கில் சேலத்துக்குக் கூட்டிவந்தோம்,
ஈரம் சொட்டச் சொட்ட.

அடுத்த வாரம்
மழையை ஏற்றினோம், வெயிலை ஏற்றினோம்,
உயரத்தையும் சரிவையும் அதன்மேல் விரித்தோம்.
பாதியில் மின்சாரம் போனது.
வந்ததும் மறுபடி முதலிலிருந்து.
சிவந்த இடத்தில் இருக்கும்,
நீலத்தில் இராது.

அழகாகத்தான் இருந்தது.
சிவப்பு ஒரு கொடிபோல் மலையேறியது,
மடங்கி, திரும்பி, மறுபடி மடங்கி.
யாரோ எண்ணினார்கள்.
இருபது.
இருபது கொண்டை ஊசி வளைவு.
நாங்கள் வரைந்தது தேவாங்கை அல்ல,
அடிவாரத்திலிருந்து மேலே போகும்
அரசுப் பேருந்தை.

காப்பித் தோட்டங்களுக்குள் ஒரு புள்ளியும் இல்லை.
வாசல் கேட்டைத் தாண்டிப்
பெரும்புள்ளிகள் விடவில்லை.
கீழே வெள்ளைக்கல் சுரங்கத்துக்கும்
லேசாய்ச் சிவப்பு பூசியிருந்தது மென்பொருள்;
மரமில்லாத மேடு என்று
அதற்கு யாரும் சொல்லவில்லை.

"எங்க ஊரு நீலமா இருக்கு மேடம்,"
நாலு வாரமாய் வாய் திறக்காத ஜெயக்கொடி.
கொட்டச்சேட்டுக்கும் அந்தப்பக்கம்.
"அங்கதான் ரொம்ப."
ஏன் குறிக்கவில்லை?
"நீங்க நடக்கச் சொன்ன வழியில
எங்க ஊரு இல்ல."

திங்கட்கிழமை கைப்பேசியில் பதினேழு கொண்டுவந்தாள்.
கொடுக்குமுன் கேட்டாள்,
"இத எல்லாருக்கும் திறந்து வைப்பீங்களா?
மாசியில ரெண்டு பேர் பைக்குல வந்து
உசுரோட என்ன விலைன்னு கேட்டாங்க."

மூன்று வாரமாய்த்
திறந்தது, திறந்தது என்று
நான் சொன்ன சொல்லெல்லாம்
மின்விசிறிக்குக் கீழே வந்து நின்றது.

தஸ்தகீர்தான் எழுந்தான்.
தசமத்தைக் கடைசியிலிருந்து அழித்துக்கொண்டே வந்தான்.
ஆறு இடமென்றால் கிளை.
நாலு என்றால் மரமும் அதன் நிழலும்.
இரண்டு, ஒரு கிலோமீட்டர்.
இன்னும், என்றாள் ஜெயக்கொடி.
ஒன்று. பதினொரு கிலோமீட்டர்.
இப்போது ஒரு மலையே அதற்குள் ஒளியலாம்.
பதினேழும் சரிந்து
ஒரே புள்ளியில் போய் விழுந்தன.
பெரிதாக்கிப் பார்த்தோம்,
ஏதோ விடுதியின் கார் நிறுத்துமிடம்.
வரட்டும், அங்கே வந்து தேடட்டும் என்றான் பெலிக்ஸ்.

வெளியே போனது அந்த வரைபடம்தான்.
அசல் எண்கள் அவள் கைப்பேசியில்;
நான் கேட்கவில்லை.

செய்முறை ஏட்டில்
'துல்லியம்' என்ற கட்டத்தில்
எல்லோரும் மீட்டரில் எழுதியிருந்தார்கள்.
ஜெயக்கொடி எழுதியிருந்தது:
வேண்டிய அளவு.

பத்துக்கு எவ்வளவு போடுவதென்று தெரியாமல்
சிவப்புப் பேனாவை மூடி வைத்திருக்கிறேன்.